மணிக்கட்டைத் தொடும் உலோகம்



வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் ஊருக்கு அனுப்பும் பெட்டியில் முன்பெல்லாம் பால்மா, சவர்க்காரம், போர்வை, டோர்ச் லைட் என்பவை இருக்கும். இப்போது அவற்றுக்கிடையே உள்ளங்கையளவு பெட்டியொன்றும் வருகின்றது. அதற்குள் இருப்பது ஸ்மார்ட் வோட்ச். நேரம் காட்டும், நடந்த அடிகளை எண்ணும், நாடித் துடிப்பைக் காட்டும், பையின் அடியில் கிடக்கும் கைத்தொலைபேசிக்கு அழைப்பு வந்தால் மணிக்கட்டில் அதிர்ந்து சொல்லும். பதுளையிலும் பண்டாரவளையிலும் கடைக் கண்ணாடிப் பெட்டிகளில் இதே சாமான் பல விலைகளில் கிடைக்கின்றது.

வாங்குமுன் பிள்ளை தாயிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அம்மா, ஒங்களுக்கு எந்தக் கலர் வேணும்? வெள்ளியா, கறுப்பா, தங்கக் கலரா?" தாய் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "ஒனக்குப் புடிச்சத அனுப்பு பாப்பா."

தோட்டப்புறப் பெண்களோடு வேலை செய்பவள் என்ற வகையில் இந்தப் பேச்சைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். கேட்பதற்குக் கலர் பற்றிய கேள்வி போலத் தெரியும். உண்மையில் அது உலோகம் பற்றிய கேள்வி. திரையையும் பற்றரியையும் உள்ளே வைத்துத் தாங்கி நிற்கும் வெளிக்கூடு எதனால் ஆனது என்பதே அங்கு தீர்மானிக்கப்படுகின்றது. அந்தக் கூடு வேர்வையோடும் மழைநீரோடும் சேர்ந்து நாள் முழுக்க எமது தோலில் ஒட்டிக் கிடக்கும். ஆகவே, பிள்ளைக்குப் பிடித்தது எது என்று விட்டுவிடாமல், எனக்கு ஒத்துக்கொள்வது எது என்று நாமே தெரிந்து சொல்வது நல்லது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

நகையாக வந்தது வேலைக்குப் போன கதை

தோட்டத்தில் நேரம் என்பது நெடுங்காலம் எம்மவர் கையில் இருக்கவில்லை. விடியுமுன் ஒலிக்கும் பிரட்டுத் தப்புதான் எங்கள் பாட்டிமாருக்கு மணிக்கூடு. பிரட்டுக்களத்துக்குப் பிந்தி வந்தோமா, முந்தி வந்தோமா என்பதைக் கணக்கப்பிள்ளையின் கையிலிருந்த கடிகாரம் சொன்னது. அது சொன்னதை மறுத்துப் பேச எம்மிடம் வேறு கடிகாரம் இருக்கவில்லை. அந்த நிலையிலிருந்து பார்த்தால், கொழுந்து எடுக்கும் ஒரு தாயின் மணிக்கட்டில் அவளுடைய சொந்த நேரம் இருப்பது சிறிய விடயமல்ல.

உலகத்திலும் கைக்கடிகாரத்தின் கதை பெண்களோடுதான் தொடங்கியது. 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கையில் கடிகாரம் கட்டியவர்கள் பெரும்பாலும் வசதியான பெண்களே. அது தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த வளையல் போன்ற நகை. ஆண்கள் சட்டைப்பைக் கடிகாரம் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்மையின் அடையாளம் என்று சிரித்தார்கள். 1914 இல் தொடங்கிய முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிக்குள் இருந்த சிப்பாய்க்குப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க அவகாசம் இல்லை. அங்கேதான் அது ஆண்களின் மணிக்கட்டுக்கும் ஏறியது. சேறும் மழையும் தாங்கும் கூடு வேண்டும் என்ற தேவையும் அதோடு வளர்ந்தது.

இதில் எமக்கு ஒரு பாடம் உண்டு. நகையாக அணிவதற்கு ஒரு கூடு; வேலைக்கு அணிவதற்கு வேறு கூடு. இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் காசும் போகும், கையும் புண்ணாகும்.

குசினியில் இருக்கும் விடைகள்

கடைக்காரர் சொல்லும் பெயர்களைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. ஸ்மார்ட் வோட்ச் கூடு செய்யும் பொருட்களில் பெரும்பாலானவற்றை நாம் எமது குசினியிலேயே அறிந்து வைத்திருக்கிறோம்.

முதலாவது அலுமினியம். எமது சோற்றுப் பானையும் தேநீர்க் கேத்தலும் செய்யும் அதே உலோகந்தான், வேறு உலோகங்கள் சிறிது கலந்து உறுதியாக்கப்பட்டது. அதன் பெரிய நன்மை பாரம் குறைவு என்பது. ஒரே அளவான துண்டுகளை எடுத்தால், அலுமினியம் உருக்கின் எடையில் மூன்றிலொரு பங்குதான். மணிக்கூட்டில் அதன் மேற்பரப்பை மின்சார முறையில் கடினமாக்கி, அந்தப் படலத்துக்கே நிறமும் ஏற்றுகிறார்கள். அந்தப் படலம் இருக்கும்வரை நல்லது. கல்லில் உரசினால் கீறல் விழும். சலவைச் சோடா, சுண்ணாம்பு போன்ற காரப் பொருட்கள் படிந்து கிடந்தால் அதை அரிக்கும். சோடா போட்டு ஊறவைத்த அலுமினியப் பானை நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலால் மணிக்கூட்டைத் துடைக்காமல் இருந்தால் போதும்.

இரண்டாவது, நாம் சில்வர் என்று அழைக்கும் துருப்பிடிக்காத உருக்கு. கரண்டியின் பின்புறத்தில் 18/8 என்று பொறித்திருப்பதைக் கண்டிருக்கலாம். 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல் என்பது அதன் பொருள். குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கின்றது. நல்ல மணிக்கூடுகளுக்குப் பயன்படும் 316 எல் என்ற வகையில் நிக்கல் 10 முதல் 14 வீதம் வரை உண்டு. மொலிப்டினம் என்ற உலோகமும் 2 முதல் 3 வீதம் சேர்ந்திருக்கும். உப்புத் தண்ணீரைத் தாங்கும் பலத்தை அதுவே கூட்டுகின்றது. கடற்கரையில் மீன் கருவாட்டோடு வேலை செய்யும் சகோதரிகள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம். கீறல் விழுந்தால் மினுக்கி எடுக்கவும் முடியும். ஆனால் பாரம். காலையில் தெரியாத பாரம் மாலையில் தெரியும்.

மூன்றாவது செரமிக். பீங்கான் கோப்பையின் நெருங்கிய உறவுக்காரி. சேர்க்கோனியம் ஒட்சைட் என்ற தூளை அச்சில் இறுக்கிச் சுட்டு எடுப்பார்கள். சாதாரணமாக உரசினால் கீறல் விழாது, மங்காது, தோலுக்கும் தீங்கில்லை. ராடோ நிறுவனம் 1986 முதல் இதனால் கைக்கடிகாரம் செய்கின்றது. ஆப்பிள் 2016 இல் செய்தது. பீங்கானின் குணம் இதற்கும் உண்டு. சீமெந்துத் தரையில் ஓங்கி விழுந்தால் நெளியாது, உடையும். விலையும் அதிகம்.

நான்காவது டைட்டேனியம். இது குசினியில் இல்லை; ஆனால் எம்மில் சிலருடைய உடம்புக்குள் இருக்கின்றது. ஷெல்லில் எலும்பு நொறுங்கியவர்களுக்கு வைத்தியர்கள் தகடும் ஆணியும் வைப்பதற்குப் பயன்படுத்தும் உலோகங்களில் இதுவும் ஒன்று. உடம்பு இதைப் பகையாக நினைப்பது மிக அரிது. உருக்கைவிடப் பாரம் குறைவு, அலுமினியத்தைவிடப் பலம் அதிகம். உப்புக்கும் வேர்வைக்கும் அசையாது. ஆயினும் கீறலே விழாது என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம், விழும். 2024 இல் ஆப்பிள் தனது பிரதான வரிசையில் உருக்கை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் டைட்டேனியத்தை வைத்தது. சாம்சுங் நிறுவனமும் அதே ஆண்டில் டைட்டேனியக் கூட்டோடு ஒன்றை வெளியிட்டது. இரண்டும் எமது பணப்பைக்கு எட்டாத விலைதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். டைட்டன் என்பது ஒரு கம்பனியின் பெயர். தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனமும் சேர்ந்து 1984 இல் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை அமைத்த கம்பனி அது. டாட்டா இன்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்ற பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தே அந்தப் பெயர் வந்தது. டைட்டன் என்று எழுதியிருப்பதெல்லாம் டைட்டேனியம் அல்ல.

ஐந்தாவது பிளாஸ்டிக். பெயரைக் கேட்டதும் முகம் சுழிக்க வேண்டாம். கண்ணாடி நார் கலந்து பலப்படுத்திய பிளாஸ்டிக் பாரமில்லாதது, துருப்பிடிக்காது, குளிர்காலையில் கையைச் சுடுவதுபோல் குளிராது. செயற்கைக் காலின் கதையை நினைத்துப் பாருங்கள். இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1960 களின் இறுதியில் உருவான செயற்கைக் கால், போருக்குப் பின் எமது நாட்டிலும் பலரை நடக்க வைத்தது. தொடக்கத்தில் அதன் தண்டுப் பகுதியை அலுமினியத்தில் செய்தார்கள். பின்னர் தண்ணீர்க் குழாய் செய்யும் கனமான பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். வயலில் இறங்கி வேலை செய்பவருக்கு அது தோதாக இருந்தது. காலுக்கே பொருந்திய பொருள் கைக்குக் குறைவாகாது.

புல்மோட்டைக் கறுப்பு மணல்

டைட்டேனியமும் செரமிக்கும் மிக உயர்ந்த சாமான்கள் என்று விளம்பரம் சொல்கின்றது. அவற்றின் மூலப்பொருள் எங்கே இருக்கிறது தெரியுமா? திருகோணமலை மாவட்டத்தில் புல்மோட்டைக் கடற்கரையில். அங்குள்ள கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் ஆகிய கனியங்கள் கலந்திருக்கின்றன. முதலிரண்டும் டைட்டேனியத்தின் தாது. சேர்க்கோனிலிருந்தே செரமிக்குக்கான தூள் எடுக்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் இவ்வகை மணல் உண்டு.

வடக்குக் கிழக்கிலுள்ள எமது வாசகியருக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைட் ஏற்ற வந்த கப்பல் தாக்கப்பட்டு மாலுமிகள் உயிரிழந்தார்கள். போர் முடிந்த பின்னர் கொக்கிளாய்ப் பக்கத்து மக்கள் கனிய மணல் அகழ்வை எதிர்த்துக் குரல் எழுப்பியதும் எமக்குத் தெரியும். இந்த மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறிப் போகின்றது. உலகில் டைட்டேனியத் தாதுவின் பெரும்பகுதி உலோகமாகாமல் வெள்ளை நிறப்பொடியாகி பெயின்ட்டிலும் பற்பசையிலும் சேர்கின்றது. ஒரு சிறு பகுதியே உலோகமாகின்றது. விலை மணலில் இல்லை. அதைப் பிரித்து, உருக்கி, கடைந்து எடுக்கும் வேலையில்தான் இருக்கிறது. ஆகவே டைட்டேனியம் என்ற சொல்லைக் கேட்டு எமக்கு எட்டாத தெய்வீகப் பொருள் என்று எண்ண வேண்டியதில்லை.

சொல்லாமல் தாங்கிய புண்

இனி நான் சொல்ல வந்த முக்கிய விடயத்துக்கு வருகிறேன்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மாவைச் சந்தித்தேன். 1977 கலவரத்தின் பின் குழந்தையாகப் பெற்றோருடன் வவுனியாப் பக்கம் போய், அங்கே வளர்ந்து, மணமுடித்து, 2009 இல் எல்லாவற்றையும் இழந்து, பின்னர் உறவினரின் லயத்துக்குத் திரும்பி வந்தவர். எந்த வெயிலிலும் நீளக் கை சட்டை அணிந்திருப்பார். ஒரு நாள் படிவத்தில் கையெழுத்து வைக்கும்போது சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டைச் சுற்றிக் கங்கணம் போலச் சிவந்து, தடித்து, ஓரிடத்தில் நீர் வடிந்து கொண்டிருந்தது. அதன் மேலே தங்கக் கலர் ஸ்மார்ட் வோட்ச்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"நாலு மாசம் இருக்கும் மிஸ்."

"கழட்டி வைச்சிருக்கலாமே?"

"புள்ள ஆசையா அனுப்புனது மிஸ். கூப்பிடுறப்பல்லாம் கையக் காட்டச் சொல்லுது. கழட்டுனா அது மனசு நோகும். இது பெரிய வலியா? நான் பாக்காத வலியா?"

சகோதரிகளே, கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையை எம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம். பெரிய வலிகளைத் தாண்டி வந்ததால் சின்ன வலிகளுக்கு மருந்து கேட்கும் உரிமை எமக்கு இல்லையென்று நாமே முடிவுகட்டி விடுகிறோம்.

வைத்தியசாலையில் வைத்தியர் முதலில் கேட்டது மணிக்கூட்டைப் பற்றியல்ல. "கவரிங் தோடு போட்டால் காது கடிக்குமா?" என்றுதான் கேட்டார். சிறுவயதிலிருந்தே கடிக்கும் என்றார் அம்மா. நிக்கல் ஒவ்வாமை என்று விளக்கினார் வைத்தியர். மலிவான மணிக்கூடுகள் பலவற்றில் கூடு நாகக் கலவையால் ஆனது. அதற்கு மேலே நிக்கல் பூசி, அதற்கும் மேலே தங்க நிறம் ஏற்றுவது வழக்கம். வேர்வை பட்டுப் பட்டு மேற்பூச்சு தேய, நிக்கல் தோலில் படுகின்றது.

நிக்கல் ஒவ்வாமை தொற்றுநோயல்ல, அழுக்கினால் வருவதுமல்ல. எமது ஊர்களில் இதைக் கிரந்தி என்று சொல்லிக் கத்தரிக்காயையும் தக்காளியையும் விலக்கி வைப்பார்கள். கத்தரிக்காய் என்ன பாவம் செய்தது? காரணம் மணிக்கட்டில் இருக்கும்போது சட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. காது குத்திப் போலித் தோடு அணிவதால் இந்த ஒவ்வாமை ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம். ஒருமுறை உடம்பு பழகிவிட்டால் பொதுவாக ஆயுள் முழுதும் இருக்கும். இதனால்தான் தோலோடு நெடுநேரம் தொட்டிருக்கும் பொருட்களிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்ரிமீற்றரில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாதென்று 1994 இல் ஐரோப்பிய நாடுகள் விதி செய்தன.

உருக்கில் நிக்கல் உண்டென்றேனே, அப்படியானால் சில்வர் ஆகாதா என்று கேட்பீர்கள். நல்ல உருக்கில் நிக்கல் உள்ளேயே இறுகப் பிணைந்திருக்கும். மிகச் சிறிதளவே வெளியேறும். பெரும்பாலானோருக்கு அது ஒன்றும் செய்யாது. ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களுக்கு மட்டும் அதுவும் ஆபத்தாகலாம். அவர்களுக்கு டைட்டேனியம், செரமிக், பிளாஸ்டிக் ஆகியவையே பாதுகாப்பு. கையில் இருக்கும் காசுக்குப் பிளாஸ்டிக். பட்டியின் கொளுக்கியும் உலோகந்தான் என்பதை மறக்க வேண்டாம்; கூடு நல்லதாக இருந்து கொளுக்கி கடித்தாலும் புண்தான்.

பேர்பெற்ற கம்பனியின் பொருள் என்றால் இப்படி நடக்காது என்றும் எண்ண முடியாது. 2014 இல் அமெரிக்காவில் ஃபிட்பிட் ஃபோர்ஸ் என்ற கைப்பட்டியைக் கம்பனியே திரும்பப் பெற்றது. அந்நாட்டில் விற்ற சுமார் 10 இலட்சம் பட்டிகள் தொடர்பில் ஏறத்தாழ 9,900 பேர் தோல் எரிவு என்று முறையிட்டிருந்தார்கள். உருக்கிலிருந்த நிக்கலோ, ஒட்டுவதற்குப் பயன்பட்ட பசையோ காரணமாக இருக்கலாமென்று கம்பனி சொன்னது. அவர்கள் முறையிட்டதால்தான் பொருள் திரும்பப் பெறப்பட்டது. தாங்கிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது.

அந்த அம்மா மணிக்கூட்டைக் கழற்றினார். வைத்தியர் தந்த களிம்பைப் பூசினார். சில வாரங்களில் ஆறியது. மகளிடமும் சொன்னார். "ஏம்மா இத முன்னமே சொல்லல்ல?" என்று மகள் அழுதாளாம். மனம் நொந்தது உண்மைதான். ஆனால் வோட்ச்சைக் கழற்றியதற்காக அல்ல, நாலு மாதம் சொல்லாமல் இருந்ததற்காக.

உணர்வு குறைந்த கைக்கு ஒரு வார்த்தை

போர்க்காயத்தால் ஒரு கையில் உணர்ச்சி குறைந்த சகோதரிகள் எம்மிடையே பலர். தீக்காயத் தழும்பு உள்ளவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கையில் ஸ்மார்ட் வோட்ச் கட்ட வேண்டாம். உலோகம் வெயிலில் விரைவாகச் சூடேறும்; உள்ளே இருக்கும் பற்றரியும் சூடாகலாம். 2022 இல் ஃபிட்பிட் அயோனிக் என்ற ஸ்மார்ட் வோட்ச் இவ்வாறு சூடேறித் தோலைச் சுட்டதால் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் 78 பேர் தீக்காயம் என்று முறையிட்டார்கள். உணர்ச்சி உள்ள கை சுட்டதும் கழற்றும். உணர்ச்சி இல்லாத கை எரிந்த பிறகே தெரிய வரும். தழும்புத் தோல் மெல்லியது, உரசினால் புண்ணாகும். நல்ல கையில் கட்டுங்கள். சார்ஜ் ஏற்றும்போது கையில் கட்டியிருக்க வேண்டாம். ஒரு கையால் வேலை செய்பவர்களுக்கு ஊசிக் கொளுக்கியைவிட ஒட்டிப் பிரிக்கும் துணிப்பட்டி இலகு.

தங்கக் கலர் தங்கமல்ல

எமது பெண்களுக்குத் தங்கம் என்பது அழகுக்காக மட்டுமல்ல. இடப்பெயர்வில் பலருக்கு அரிசி வாங்கித் தந்தது கழுத்திலிருந்ததுதான். அந்த நினைவில்தான் தங்கக் கலர் வோட்ச்சையும் ஒரு சேமிப்பாக எண்ணுகிறோம். அது தங்கமல்ல. அடகுக் கடையில் அதற்குப் பெறுமதி கிடையாது.

உண்மையான தங்கத்தில் செய்தால்கூட என்ன நடந்தது என்று பாருங்கள். 2015 இல் ஆப்பிள் 18 கரட் தங்கத்தில் ஸ்மார்ட் வோட்ச் விற்றது. விலை 10,000 அமெரிக்க டொலரிலிருந்து 17,000 டொலர் வரை. அதே வருடத்தில் வந்த அலுமினிய வோட்ச்சுக்குள் இருந்த அதே இயந்திரந்தான் அதற்குள்ளும் இருந்தது. 2018 இற்குப் பின் இரண்டுக்கும் புதிய மென்பொருள் கிடைக்கவில்லை. 2023 இல் இரண்டையும் இனித் திருத்த முடியாத பழைய பொருளென்று கம்பனி அறிவித்தது. தங்கம் தங்கமாகவே இருக்க, உள்ளே இருந்தது செத்துவிட்டது.

ஸ்மார்ட் வோட்ச்சின் ஆயுளை அதன் கூடு தீர்மானிப்பதில்லை. பற்றரி சில வருடங்களில் தளரும். அதன் பிறகு எந்த உலோகமானாலும் வெறும் வளையல். எனவே கூட்டுக்காக அதிகக் காசு கொடுப்பது, சில வருடங்கள் இருக்கப்போகும் வாடகை வீட்டுக்குத் தேக்குக் கதவு போடுவது போன்றது. மிச்சக் காசில் உண்மையான தங்கம் அரைப் பவுண் வாங்கினால் அது என்றைக்கும் உங்களுடையது.

எனக்கு ஏற்றது எது?

மலையில் கொழுந்து எடுப்பவர்கள், மழை, கவ்வாத்துக் கம்பின் உரசல், உரத்தூள் எல்லாவற்றையும் எண்ணிப் பாரமில்லாத பிளாஸ்டிக் அல்லது அலுமினியக் கூட்டைக் கேளுங்கள். வயலிலும் தோட்டத்திலும் நிற்பவர்களுக்கும் இதுவே. கடலோரச் சகோதரிகளுக்கு நல்ல உருக்கு அல்லது பிளாஸ்டிக். முன்பள்ளி ஆசிரியை, தையல் வேலை செய்பவர் போன்றோர் உருக்கை விரும்பினால் அணியலாம். பாரத்தை மட்டும் கையில் வைத்துப் பாருங்கள். கவரிங் ஒத்துக்கொள்ளாத எல்லோரும் பூச்சுப் பூசிய கூட்டை விலக்குங்கள்.

வாங்கும்போது பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக் என்று மட்டும் எழுதியிருந்தால் மூடி மாத்திரமே உருக்கு என்று அர்த்தம். சுற்றிவர உள்ளது வேறாக இருக்கலாம். சிங்க் அலோய், பேஸ் மெட்டல் என்ற சொற்கள் இருந்தால் அது பூச்சுப் பூசிய கூடு. ஒன்றுமே எழுதாத பொருளுக்கு ஒன்றுமே உத்தரவாதமில்லை. வாசிக்கத் தெரிந்த பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம்.

அணியும்போது ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, கையையும் மணிக்கூட்டையும் காய விடுங்கள். சவர்க்கார நுரை உள்ளே தங்கினாலும் தோல் சிவக்கும்; அது ஒவ்வாமையல்ல, சில நாள் கழற்றி வைத்தால் பெரும்பாலும் மாறிவிடும். மாறாவிட்டால், நீர் வடிந்தால், வைத்தியரிடம் போங்கள்.

பிள்ளை அடுத்த முறை கலர் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "கலர் எதுவும் பரவாயில்ல பாப்பா. பாரமில்லாததா, பூச்சு போகாததா, எனக்குக் கடிக்காததா பாத்து அனுப்பு." தூரத்தில் உழைக்கும் பிள்ளைக்கு இது சுமையல்ல. தாய் தன் தேவையைத் தன் வாயால் சொல்கிறாள் என்ற ஆறுதல்.

ஏற்கனவே வந்துவிட்ட மணிக்கூட்டுக்குக் கீழே தோல் சிவந்திருந்தால், இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் முதலில் அதைக் கழற்றுங்கள். பிறகு பிள்ளைக்கு ஒரு கோல் எடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.